தட்டில் துடிக்கும் இருதயம்: குருத்தணு ஆராய்ச்சியில் ஏதுவும் ஏதுப்போலியும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

மனித சரீரத்தின் அவயவங்களுள் எல்லாவற்றிற்கும் முன்பாகத் தன் தொழிலைத் தொடங்குவது இருதயம். கரு உண்டாகி ஏறத்தாழ 22 நாட்கள் ஆனபோது, கை என்றும் கால் என்றும் சொல்லத்தக்க அடையாளம் ஒன்றும் தோன்றுமுன்னரே, தாய் தான் கருவுற்றிருப்பதையே ஐயத்தோடு எண்ணிக்கொண்டிருக்கும் அந்நாளில், அரிசி மணியளவேயான அவ்வுருவத்தினுள் ஒரு நுண்ணிய குழாய் துடிக்கத் தொடங்குகிறது. அக்குழாய் வளைந்து, மடங்கி, உள்ளே சுவர்கள் எழுந்து நான்கு அறைகளாகப் பிரிந்து, எட்டு வாரத்துக்குள் தன் அமைப்பை ஏறக்குறைய முற்றுவித்துக்கொள்கிறது. பிறக்கும் குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ ஒன்று இருதயத்தில் ஏதேனுமொரு பிறவிக் குறையோடு பிறக்கிறது. அக்குறை நேர்ந்த காலமும் பெரும்பாலும் இச்சில வாரங்களே. ஆயினும் மருத்துவ சாஸ்திரத்தின் கண்ணுக்கு இவ்வாரங்களைப் போல் மறைவான காலம் மனித வாழ்வில் வேறில்லை.

முதிர்ந்த இருதயத்தை ஆராய்வதும் எளிதன்று. தோலிலோ இரத்தத்திலோ சிறிது கொடுக்க எவரும் இசைவர். துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தினின்று ஒரு துண்டை ஆராய்ச்சிக்கென்று கொடுக்க இசைவார் யார்? அறுவைச் சிகிச்சையின்போது கிடைக்கும் துணுக்குகளைத் தட்டிலிட்டாலும் அத்தசையணுக்கள் பெருகுவதில்லை. சில நாட்களுக்குள் வடிவமும் சுபாவமும் கெட்டுப்போகின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் வானவெளியில் பரவிய கார்பன்-14 மனித உடலில் பதிந்துள்ள அளவைக்கொண்டு சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் யோனாஸ் பிரீசெனும் அவர் குழுவினரும் 2009-ல் கணக்கிட்டுக் காட்டியபடி, 25 வயதில் இருதயத் தசையணுக்களுள் 100-க்கு 1 வீதமே ஓராண்டில் புதியனவாகின்றன. 75 வயதில் அவ்வீதம் 0.45 ஆகக் குறைந்துவிடுகிறது. இத்துணை மெல்லப் புதுப்பிக்கப்படும் ஓர் உறுப்பை வெளியில் எடுத்து வளர்த்துப் பார்ப்போம் என்பது நடவாத காரியம். சுண்டெலியைக்கொண்டு ஆராயலாமெனின், அதன் இருதயம் நிமிஷத்துக்கு 500 முதல் 600 தரம் துடிப்பது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு அது நம்பியிருக்கும் பொட்டாசிய வாயில்கள், மனித இருதயம் நம்பியிருக்கும் வாயில்களினும் வேறானவை. ஆகவே மனித இருதயத்தின் மின்கோளாறுகளை அது சரிவரக் காட்டுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டுக்குப் பரிகாரமாக வந்ததே பல்திறக் குருத்தணுக்களைக்கொண்டு இருதயத் தசையைத் தட்டில் வளர்க்கும் முறை. அம்முறையைப் பற்றி இன்று இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. நோயாளியின் தோலினின்று அவருடைய இருதயத்தையே தட்டில் வரவழைத்துவிட்டோம் என்பது ஒன்று. தட்டில் துடிப்பவை முதிராத சிசுவணுக்கள், அவற்றால் முதியவர் நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதும், தட்டிலுள்ள உயிரணு எவ்வயதினதோ அவ்வயதுக்குரிய செய்திக்கு அது சிறந்த சான்று, பிற வயதுக்குரிய செய்திக்குச் சான்றாக வேண்டுமாயின் தனியே தகுதி காட்டவேண்டும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். அதனை அளந்து காண்பதற்குரிய கோலை நம்முடைய பழைய அளவை நூலினின்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் துணைக்கருத்து.

2. தட்டுக்கு வந்த வழி

முதிர்ந்த உயிரணு தன் இளமையை முற்றும் இழந்துவிடுவதில்லை என்பதற்கு முதற்சான்று தந்தவர் ஜான் கர்டன். தலைப்பிரட்டையின் குடலணுவினின்று உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டையினுள் வைத்தபோது, அம்முட்டை மீண்டுமொரு தலைப்பிரட்டையாக வளர்ந்ததை அவர் 1962-ல் வெளியிட்டார். குடலுக்குரிய வேலையை மேற்கொண்டுவிட்ட உட்கருவும் உடல் முழுவதையும் சமைக்கும் குறிப்பைத் தன்னகத்தே வைத்திருந்தது என்பதே அதன் பொருள்.

1981-ல் மார்ட்டின் எவன்ஸ், மாத்யூ காஃப்மன் இருவரும் இங்கிலாந்திலும், கெய்ல் மார்ட்டின் அமெரிக்காவிலும், சுண்டெலியின் இளங்கருவினின்று எவ்வகை உயிரணுவாகவும் மாறத்தக்க குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். அவ்வணுக்களைத் திரவத்தில் மிதக்கவிட்டால் அவை உருண்டைகளாகத் திரண்டு, அவ்வுருண்டைகளிற் சில தாமே துடிப்பதை டெட்ஷ்மனும் அவருடைய தோழர்களும் 1985-ல் விவரித்தனர். மனிதக் கருவின் குருத்தணுக்களை விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் 1998-ல் பெற்றார். மூன்றாண்டு கழித்து, 2001-ல், ஹைஃபா நகரத்து ஆராய்ச்சியாளர் அவற்றினின்று துடிக்கும் மனித இருதய அணுக்களை வளர்த்துக்காட்டினர்.

இம்மட்டில் இரண்டு தடைகள் நின்றன. மனிதக் கருவைச் சிதைத்தே குருத்தணுவைப் பெறவேண்டும் என்பது தர்மசங்கடம். நோயாளி ஒருவரின் கருக்குருத்தணு நமக்குக் கிடைப்பதில்லை என்பது ஆராய்ச்சிச் சங்கடம்; ஏனெனில் அவர் கருவாயிருந்த காலம் கடந்துபோயிற்று. இவ்விரண்டையும் ஒருசேர நீக்கியவர் கியோட்டோ பல்கலைக்கழகத்து ஷின்யா யமனாக்கா. குருத்தணுவின் இளமையைக் காப்பனவாகத் தோன்றிய 24 மரபணுக்களைத் தேர்ந்து, அவற்றுள் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, இறுதியில் நான்கே போதும் என்று அவரும் தக்கஹாஷியும் 2006-ல் சுண்டெலியின் உயிரணுக்களைக்கொண்டு காட்டினர். அந்நான்கையும் முதிர்ந்த உயிரணுவினுட் செலுத்தினால் அது பல்திறக் குருத்தணுவின் நிலைக்கு மீளும். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் இது கைகூடிற்று. கர்டனுக்கும் யமனாக்காவுக்கும் 2012-ல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நோயாளியின் தோலில் ஒரு சிறு பகுதி இருந்தாற் போதும். அவருடைய மரபணுக்களையே தாங்கிய இருதயத் தசையை அவர் எதிரில் வளர்த்துப் பார்க்கலாம் என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது.

3. ஒரு தட்டின் பத்து நாள்

குருத்தணு இருதய அணுவாக மாறும் விதத்தை அருகிருந்து காண்பது நலம்; பின்னர் எழும் வாதங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் இருக்கிறது. 37 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட இன்குபேட்டருக்குள், ஊட்டநீரின் கீழே, தட்டின் அடித்தளம் முழுவதும் குருத்தணுக்கள் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கின்றன. அவற்றின்மேல் முதல் நாளன்று ஒரு சிறு ரசாயனப் பொருள் சேர்க்கப்படுகிறது. 'வின்ட்' என்று பெயர்பெற்ற சமிக்ஞையை அது தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட உயிரணுக்கள் கருவின் மூன்று படைகளுள் நடுப்படையாக மாறத் தலைப்படுகின்றன. ஒரு நாளில் அப்பொருள் அகற்றப்படுகிறது. மூன்றாம் நாள் வேறொரு பொருள் சேர்க்கப்படுகிறது. இது முன்னர்த் தூண்டிய அதே சமிக்ஞையை இப்போது அடக்குகிறது. ஏழாம் நாள் வரையில் ஊட்டநீரில் இன்சுலின் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இருதயத்தின் வழியினின்று உயிரணுக்கள் விலகிவிடும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ நுண்ணோக்கியின் கீழ்த் தட்டைப் பார்த்தால் ஓர் ஓரத்தில் ஏதோ சிமிட்டுவது போலிருக்கும். மறுநாள் அத்தகைய இடங்கள் பலவாகும். ஒவ்வொன்றும் தனித்தனித் தாளத்தில் அசையும். பின்னும் சில நாட்களில் அவை ஒன்றையொன்று தொட்டு, தாளங்கள் ஒன்றுகூடி, தட்டிலுள்ள படலம் முழுவதும் ஒருமித்து இழுத்து விடுவதைக் காணலாம்.

இம்முறையை விஸ்கான்சினில் லியான், பாலெசெக் முதலானோர் 2012-ல் வெளியிட்டனர். இதினின்று கிடைக்கும் அணுக்களுட் பெரும்பாலானவை இருதயத் தசையணுக்களே. எஞ்சியவற்றை நீக்க ஜப்பானியர் 2013-ல் ஓர் எளிய உபாயம் கண்டனர்: ஊட்டநீரினின்று குளுக்கோஸை எடுத்துவிட்டு லாக்டேட்டை வைத்தால், அதனை எரித்து உயிர்வாழ வல்ல இருதய அணுக்கள் நிலைக்க, மற்றவை பட்டினியால் மடிகின்றன.

இப்பத்து நாட்களுட் புதைந்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. வின்ட் சமிக்ஞையை அடக்கினால் இருதயம் உண்டாகிறது என்று கோழிக்குஞ்சின் கருவிலும் தவளைக் கருவிலும் ஆராய்ந்தோர் 2001-ல் கூறினர். அச்சமிக்ஞை இல்லாவிடில் நடுப்படையே தோன்றாது என்பது சுண்டெலியால் தெரிந்திருந்தது. ஒன்றையொன்று மறுப்பன போன்ற இவ்விரு கூற்றுக்களும் காலக்கிரமத்தால் இணங்கும் என்பதை, நாளெண்ணிச் சேர்க்கவும் நீக்கவும் வசதியுள்ள தட்டே தெளிவாகக் காட்டிற்று. முற்பகலில் உண்ட மருந்து உதவுவதும் பிற்பகலில் உண்ட அதே மருந்து கெடுப்பதும் போல, ஒரே சமிக்ஞை முதலில் வேண்டப்படுவதாயும் பின்னர் விலக்கப்படுவதாயும் இருக்கிறது. கருப்பைக்குள் நாம் காணமுடியாத காலத்தைத் தட்டு நாட்கணக்கில் விரித்துக் காட்டுகிறது. தட்டின் முதற் பெருமை இதுவே.

4. அளவை நூல் தரும் கோல்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29-ஆம் காதையில், அறவணவடிகள் வாயிலாக, பௌத்தத் தருக்கத்தின் இலக்கணம் தமிழில் வகுத்துரைக்கப்பட்டுள்ளது. ஒரு முடிபை நிறுவுவதற்குக் காட்டும் காரணம் அங்கே ஏது எனப்படும். அது மூன்று இலக்கணம் உடையதாய் இருத்தல் வேண்டும்: எடுத்துக்கொண்ட பொருளில், அதாவது பக்கத்தில், அது உண்மையாகவே இருத்தல், ஒத்த இடமாகிய சபக்கத்தில் இருத்தல், மாறான இடமாகிய விபக்கத்தில் இல்லாமை. மலையில் நெருப்புண்டு, புகையிருத்தலால் என்பான், மலையில் தோன்றுவது மூடுபனியன்று, புகையே என்று முதலில் உறுதிசெய்யவேண்டும். அடுக்களையில் நெருப்போடு புகை இருப்பதைக் காட்டவேண்டும். நெருப்பில்லாத மடுவில் புகையில்லாமையையும் காட்டவேண்டும். இம்மூன்றும் நிரம்பாத ஏது ஏதுப்போலியாம். அதனை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படுத்துவர்.

குருத்தணு ஆராய்ச்சியின் ஒவ்வொரு முடிபும் இவ்வடிவில் அமைந்த ஓர் அனுமானமே. 'இன்னாருடைய இருதயக் கோளாறு இம்மரபணுத் திரிபால் விளைந்தது. அத்திரிபைத் தாங்கித் தட்டில் வளர்ந்த தசையணுவில் அதே கோளாறு தோன்றுதலால்' என்பது அதன் பொதுவுருவம். பழைய நூலோர் உயிரணுக்களை எண்ணி இலக்கணம் வகுத்தனர் என்று கூறுவது நகைப்புக்கிடமாகும். காணப்பட்டதினின்று காணப்படாததற்குச் செல்லும் அறிவு எங்கே இடறும் என்பதை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர், அவ்விடறுமிடங்கள் இன்றும் மாறவில்லை என்பதே இங்குக் கருதப்படுவது.

5. ஏது நிரம்பிய இடங்கள்

மூன்று இலக்கணமும் நன்கு பொருந்திய உதாரணமாக நீள் க்யூ.டி. நோயைச் சொல்லலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் தசையணு மின்னழுத்தத்தில் ஓய்வுக்குத் திரும்புவது இந்நோயில் தாமதமாகிறது, இ.சி.ஜி. தாளில் க்யூ அலைக்கும் டி அலைக்கும் இடையேயுள்ள தூரம் நீண்டு தோன்றும். ஓடும்போதோ நீந்தும்போதோ, அதுகாறும் நலமாயிருந்த சிறுவன் திடீரென்று விழுந்து உயிர்விடுதலும் இதன் ஒரு வகையில் நேர்வதுண்டு. 2010-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆராய்ச்சியாளர், அந்நோய் பரம்பரையாக வரும் ஒரு குடும்பத்தில் இருவருடைய தோலணுக்களைக் குருத்தணுக்களாக மீட்டு, அவற்றினின்று இருதய அணுக்களை வளர்த்தனர். அவ்வணுக்களில் மின்னழுத்தம் தாழத் தாமதமாயிற்று. பொட்டாசிய வாயிலாகிய புரதம் அணுவின் மேற்பரப்புக்குச் சென்று சேராமல் உள்ளேயே தங்கிவிட்டது புலனாயிற்று. ஓட்டத்தின்போது சுரக்கும் அட்ரினலினை ஒத்த பொருளைச் சேர்த்ததும் தாளம் பிறழத் தொடங்கிற்று. அந்நோயாளிகளுக்கு மருத்துவர் வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா-தடுப்பு மருந்து அப்பிறழ்ச்சியைத் தணித்தது. குடும்பத்தில் நடந்தது என்னவோ அதுவே தட்டில் நடந்தது.

இம்முடிபு உறுதிபெறுவதற்குக் காரணம், நோயின் இருப்பிடம் தனியணுவின் வாயிலே என்பதும், இளவணுவிலும் அவ்வாயில் வேலை செய்கிறது என்பதும் ஆகும். புகை மலையில் இருந்தது. முதல் இலக்கணம் நிறைந்தது. மற்ற இரண்டையும் நிறைவிக்கும் கருவி சில ஆண்டுகளில் கைக்கு வந்தது. மரபணுவில் குறித்த எழுத்தை மட்டும் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையால், நோயாளியின் குருத்தணுவிலுள்ள திரிபைத் திருத்தி, அந்த ஓரெழுத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவரை ஒத்த இரட்டையணுவைப் படைக்கலாம். அதில் கோளாறு மறைந்தால் அது விபக்கம். நலமுள்ள ஒருவருடைய குருத்தணுவில் அதே திரிபைப் புகுத்தலாம்; அதில் கோளாறு எழுந்தால் அது சபக்கம். அடுக்களையையும் மடுவையும் ஆராய்ச்சியாளர் தம் கையாலேயே சமைத்துக்கொள்ளும் வாய்ப்பு தருக்க நூலார் கனவிலும் கண்டிராதது.

பிறவிக்குறைகளைப் பொறுத்தவரை இளமை குறையாகாததோடு, பேறாகவும் ஆகிறது. 1993-ல் ஈயின் கருவில் ஒரு மரபணு கெட்டால் இருதயமே தோன்றாமற்போவது கண்டு, இருதயமில்லாத தகரமனிதனைப் பற்றிய கதையை நினைந்து அதற்கு டின்மன் என்று பெயரிட்டனர். மனிதனில் அதற்கு ஒப்பான என்.கே.எக்ஸ்.2-5 என்னும் மரபணு பழுதுற்றால் மேலறைகளுக்கிடையே சுவர் அடைபடாமல் துளை நிற்பதும், மின்சமிக்ஞை தாமதிப்பதும் 1998-ல் தெரியவந்தன. அம்மரபணு விழித்தெழுந்தவுடன் பச்சையொளி வீசும்படி அமைத்த மனிதக் குருத்தணுக்களை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2011-ல் உருவாக்கினர். கருப்பையின் இருளில் ஒருவரும் கண்டிராத அக்கணம் தட்டில் நிறத்தோடு தோன்றிற்று. பின்னும், ஐந்து தலைமுறையாக இருதயச் சுவரில் துளையோடு குழந்தைகள் பிறந்துவந்த ஒரு பெருங்குடும்பத்தில் ஜி.ஏ.டி.ஏ.4 என்னும் மரபணுவில் ஒரே ஒரு திரிபு இருந்ததை 2003-ல் கண்டிருந்தனர். அத்திரிபைத் தாங்கியவர்களின் குருத்தணுக்களினின்று இருதய அணுக்களை வளர்த்து 2016-ல் ஆராய்ந்தபோது, அப்புரதம் தன் துணைப்புரதமாகிய டி.பி.எக்ஸ்.5-ஐ உரிய இடத்துக்கு அழைத்துவர இயலாமையும், அதனால் இருதயத்துக்குரிய மரபணுக்களின் ஒழுங்கு குலைந்தமையும் விளங்கின. குறை நேர்வது சிசுப்பருவத்தில், சான்றும் சிசுவணு. வயது பொருந்தியவிடத்து முதிராமை என்னும் குற்றச்சாட்டு தானே விழுந்துவிடுகிறது.

6. மூன்று போலிகள்

துடிப்பையே முதிர்ச்சிக்கு அடையாளமாகக் கொள்வது முதற்போலி. 'இவை முதிர்ந்த கீழறைத் தசையணுக்கள். தாமே துடித்தலால்' என்று ஒருவர் வெளிப்படையாகக் கூறாவிடினும், திரையில் துடிக்கும் படலத்தைக் கண்ட அவையினர் மனத்தில் அவ்வனுமானம் எழுந்துவிடுகிறது. உண்மை என்னவெனில், முதிர்ந்த கீழறைத் தசையணு தனித்திருக்கையில் துடிப்பதில்லை. வேறிடத்தினின்று வரும் மின்கட்டளைக்காக அமைதியாய்க் காத்திருப்பதே அதன் சுபாவம்; ஓய்வில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ −85 மில்லிவோல்ட் அளவில் ஆழ்ந்து நிலைத்திருக்கும். தட்டிலுள்ள அணு −60 அளவிலேயே நின்று தத்தளிப்பதால் தானே தூண்டப்பட்டுத் துடிக்கிறது. ஆகவே நம்மை மயக்கிய அத்துடிப்பு, நிறுவ விரும்பியதற்கு நேர்மாறானதையே நிறுவுகிறது. தருக்க நூலார் விருத்தம் என்றது இதுவே. ஏட்டளவிலான நுணுக்கமென்று இதனைத் தள்ளலாகாது. 2014-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தார் இத்தகைய அணுக்களை ஏறத்தாழ 100 கோடி அளவில் குரங்குகளின் நோயுற்ற இருதயத்தில் வைத்தபோது, தசை உயிர்பிடித்து இணைந்ததென்றாலும், தாளக்கோளாறுகளும் உடன் தோன்றின. தானே துடிக்கும் தசை, கட்டளைக்குக் காத்திருக்கக் கற்றிருந்த தசையின் நடுவே அமர்ந்தால் நேரக்கூடியது அதுதான்.

இரண்டாவது போலி அசித்தம். ஏது பக்கத்தில் இல்லாமை. முதிர்ந்த மனித இருதய அணு நீண்ட செங்கல் போன்று 100 மைக்ரானுக்கு மேலும் நீளமுடையது; தட்டிலுள்ளது சிறியது, வட்டமாகவோ ஒழுங்கற்றோ கிடப்பது; மின்கட்டளையை அணுவின் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் குறுக்குக் குழல்கள் அதற்குப் பெரும்பாலும் இல்லை. முதிர்ந்த இருதயம் கொழுப்பை எரித்தே தன் சக்தியிற் பெரும்பகுதியைப் பெறுகிறது. தட்டிலுள்ளது சிசுவைப் போல் சர்க்கரையை நம்பியிருக்கிறது. இவ்வேற்றுமை எங்கே ஏமாற்றும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். டிரோபோனின்-ஐ என்னும் புரதம் கருவில் ஒரு மரபணுவினின்றும், பிறந்து வளர்ந்தபின் வேறொரு மரபணுவினின்றும் உண்டாகிறது. தட்டின் அணுவோ பெரும்பாலும் கருவுக்குரிய வடிவத்தையே செய்கிறது. பின்னைய மரபணுவில் திரிபுற்ற நோயாளியின் அணுவைத் தட்டில் வளர்த்து, கோளாறு ஒன்றும் காணோம், ஆகவே திரிபு தீங்கற்றது என்று எழுதினால், மூடியிருந்த கடையில் திருட்டுச் சரக்கில்லை என்று சான்றளித்தது போலாகும். கடை திறக்கவேயில்லை.

மூன்றாவது போலி அநைகாந்திகம். ஏது விபக்கத்திலும் காணப்படுதல். இதற்குத் தமிழ்நாட்டோடு நேர்ச்சம்பந்தமுடைய உதாரணம் உண்டு. இருதயத் தசையின் மயோசின்-பிணைப்புப் புரதத்தைச் செய்யும் எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துக்கள் நீங்கியிருத்தல் தென்னாசிய மக்களிடையே பரவலாயுள்ளது என்றும், அது இருதயத்தசை நோயோடு தொடர்புடையது என்றும் மதுரை, ஐதராபாத் ஆகிய இடங்களின் ஆராய்ச்சியாளரும் பிறரும் கூடி 2009-ல் அறிவித்தனர். இந்நீக்கம் இந்தியத் துணைக்கண்ட மக்களுள் 100-க்கு ஏறத்தாழ 4 பேரிடம் உண்டு. நோயுற்றோரிடம் அது காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்பது அவர்கள் கணக்கு. 100-க்கு 4 என்றால் கோடிக்கணக்கானவர் இதனைத் தாங்கியிருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் நோயின்றி வாழ்ந்து முதிர்கின்றனர். புகை இத்தனை மடுக்களின்மீதும் படிந்திருக்குமாயின், புகையிருத்தலால் நெருப்பு என்னும் வாதம் தளர்கிறது.

ஐயம் தெளிவதற்குக் காலமாயிற்று. அமெரிக்காவில் வாழும் தென்னாசிய வம்சத்தாரை ஆராய்ந்தோர் 2018-ல், அந்நீக்கத்தைத் தாங்கியவர்களுள் ஏறத்தாழ பத்திலொருவரிடம் அதே மரபணுவில் டி389வி என்னும் வேறொரு திரிபும் சேர்ந்திருப்பதைக் கண்டனர். இரண்டும் சேர்ந்தவரின் இருதயம் அளவுக்கு மிஞ்சிச் சுருங்குவதாகத் தோன்றிற்று. அவர்களுடைய குருத்தணுவினின்று வளர்த்த தசையணுக்களிலும் மாறுபாடு தென்பட்டது. 2020-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, இந்நீக்கத்தோடு சிலரிடம் ஒட்டிவரும் பிறிதொரு நுண்திரிபே இருதயத்தசைத் தடிப்பு நோய்க்குப் பெரிதும் பொறுப்பு என்றும், நீக்கம் தனித்து நிற்கையில் அத்துணைக் குற்றவாளியன்று என்றும் வாதிட்டது. மக்கட்கணக்கு சந்தேகப்பட்டவரைச் சுட்டலாம். அவருடன் வந்த தோழர் யார் என்பதைப் பிரித்தறிய, ஒவ்வொரு திரிபையும் தனித்தனியே புகுத்தியும் நீக்கியும் பார்க்கும் தட்டே தகுந்த இடம்.

7. எதிர்வாதங்களும் விடையும்

முதிராமையே பிணி எனின், அணுவை முதிர்விக்கலாமே என்பது முதல் எதிர்வாதம். முயற்சிகள் குறைவில்லை. ஹாம்பர்க் நகரத்து எஷன்ஹாகன் வழியினர் அணுக்களை ஜெல்லியிற் பதித்து, வளையும் இரு தூண்களுக்கிடையே இழுபட்டு நிற்கும் தசைப்பட்டையாக வளர்த்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கோர்டானா வுன்யாக்-நோவாகோவிச் குழுவினர் 2018-ல், துடிக்கத் தொடங்கியவுடனேயே அவ்வணுக்களை எடுத்து, மின்தூண்டலின் வேகத்தை நாளுக்கு நாள் கூட்டிப் பயிற்றியபோது, நான்கு வாரத்தில் குறுக்குக் குழல்கள் முதலிய முதிர்ந்த அமைப்புக்கள் தோன்றின. காலந்தாழ்த்தி எடுத்த அணுக்களுக்கு அப்பயிற்சி அவ்வளவு பலிக்கவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. முதிர்ச்சிக்கும் ஒரு பருவம் உண்டு. ஆயினும் ஒரு புரதத்தில் முதிர்ந்த அணு மற்றொன்றில் சிசுவாக இருக்கலாம். 'முதிர்ந்தது' என்னும் ஒற்றைச் சொல் இங்கே போதாது. எவ்விஷயத்தில் முதிர்ந்தது என்று கூறவேண்டும்.

தனியணு இருதயமாகாது, அறை, சுவர், வால்வு என்னும் வடிவத்தில் நேரும் பிழையைத் தட்டையான படலம் எவ்வாறு காட்டும் என்பது இரண்டாவது எதிர்வாதம். இது நியாயமானது. 2021-ல் வியன்னாவின் சாஷா மென்ட்ஜான் குழுவினர், எவ்வித அச்சும் சாரமுமின்றித் திரவத்தில் விடப்பட்ட குருத்தணு உருண்டைகள், சமிக்ஞைகளை முறையாக ஏற்றபோது, உள்ளே குழிவுடைய துடிக்கும் சிற்றறைகளாகத் தாமே அமைந்ததைக் காட்டினர். ஹேண்ட்1 என்னும் மரபணுவை நீக்கியபோது அக்குழிவு சரிவர உண்டாகவில்லை. 2023-ல் பல அறைகளை இணைத்து வளர்க்கவும் அவர்கள் வல்லவராயினர். எனினும் இரத்தவோட்டத்தின் அழுத்தமும், நரம்புகளின் கட்டளையும், தாயின் உடலினின்று வரும் பொருள்களும் இவ்வுருண்டைகளுக்கு இல்லை. ஆகவே வடிவத்தைப் பற்றிய எந்த முடிபும், ஓட்டம் தீண்டாத வடிவத்தைப் பற்றியது என்னும் வரம்போடு கூறப்படவேண்டும்.

மருந்துகளின் தீங்கை அளப்பதில் முறை வெற்றிபெற்றதற்குக் காரணமும் இவ்வரம்பின் உள்ளேயே இருக்கிறது. டெர்ஃபெனடின், சிசாபிரைடு என்னும் மருந்துகள், ஒவ்வாமைக்கும் வயிற்றுக்கும் கொடுக்கப்பட்டவை, இருதயத்தின் ஒரு பொட்டாசிய வாயிலை அடைத்துச் சிலரைக் கொன்றதால் அமெரிக்கச் சந்தையினின்று விலக்கப்பட்டன. அது முதல் அவ்வாயிலை அடைக்கும் எந்தப் பொருளையும் ஐயுற்றனர். வெராபமில் அதே வாயிலை அடைத்தும் அத்தகைய தாளக்கேட்டைப் பொதுவாக விளைவிப்பதில்லை. ஏனெனில் கால்சிய வாயிலையும் உடன் அடைத்து ஈடுசெய்துவிடுகிறது. தனிவாயிலை மட்டும் பார்க்கும் சோதனை அதனைக் குற்றவாளியாக்கும். வாயில்கள் யாவும் கூடிய முழு உயிரணு அதனை விடுவிக்கும். 2013-ல் தொடங்கிய சர்வதேச முயற்சி ஒன்று குருத்தணுவினின்று வளர்த்த இருதய அணுக்களை இத்தகைய சோதனையில் சேர்த்துக்கொண்டது இதனாற்றான்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தட்டில் துடிக்கும் இருதயத்தைப் பற்றி முழுநம்பிக்கையும் முழுவவநம்பிக்கையும் ஒருங்கே விலக்கத்தக்கன என்பது பெறப்படும். கருவில் நேரும் பிழைகளுக்கும், இளவணுவிலும் இயங்கும் வாயில்களின் நோய்களுக்கும் அது பிரத்தியட்சத்தை அடுத்த சான்று. பல்லாண்டு வாழ்ந்தபின் தலைகாட்டும் தசைநோய்களுக்கு, நோய்க்குரிய புரதமும் அமைப்பும் அத்தட்டில் உள்ளனவா என்று காட்டியபின்னரே சான்று.

ஆகவே இத்துறையில் வெளிவரும் ஒவ்வோர் ஆராய்ச்சியுரையும் மூன்று செய்திகளைத் தன் முகப்பிலேயே தெரிவிப்பது முறையாகும். அணு எத்தனை நாளையது, எந்த ஊட்டத்தில் வளர்ந்தது, கேட்கப்படும் நோய்க்குரிய புரதம் அதில் எவ்வடிவில் உள்ளது என்பது ஒன்று. அத்திரிபு புகுத்தப்பட்ட நலவணுவில் நிகழ்ந்தது என்ன என்பது இரண்டு. திரிபு திருத்தப்பட்ட நோயணுவில் நிகழ்ந்தது என்ன என்பது மூன்று. இவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். 25 எழுத்துக்கள் நீங்கிய மரபணுவை உடையவர் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தம் பிள்ளைகளுக்கும் இது வருமா, அவர்கள் விளையாடலாமா என்று கேட்டு மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு, அம்மருத்துவர் சொல்லவிருக்கும் விடை, அப்பக்கம் எழுதப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமையும்.